ரஷ்யமயமாக்கல் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யமயமாக்கல் என்பதன் பொருள் என்ன?

ரஷ்யர் அல்லாத மக்களின் மொழி, பள்ளி, வழிபாடு, நிர்வாகம், எழுத்து, ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றை ரஷ்யத் தன்மைக்கு மாற்றும் முயற்சியை இச்சொல் குறிக்கிறது. வரலாற்று நூல்களில் இது பெரும்பாலும் ஓர் அரசுக் கொள்கையின் பெயராகவே வரும். 19ஆம் நூற்றாண்டில் ஜார் ஆட்சி போலந்திலும் லித்துவேனியாவிலும் உக்ரைனிலும் பின்லாந்திலும் செய்தவை, 1930களுக்குப் பின் சோவியத் ஆட்சி தன் குடியரசுகளில் செய்தவை, இன்று ரஷ்யக் கூட்டாட்சிக்குள்ளும் அது கைப்பற்றி வைத்திருக்கும் உக்ரைன் பகுதிகளிலும் நடப்பவை ஆகிய மூன்றையும் இச்சொல்லைக் கொண்டே பேசுகிறார்கள். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதால், எந்தக் காலம், எந்த இடம் என்று சொல்லாமல் இச்சொல்லைப் பயன்படுத்துவது பெரும்பாலும் குழப்பத்தில்தான் முடிகிறது.

ரஷ்யமயமாதலும் ரஷ்யமயமாக்கலும் ஒன்றா?

ஒன்றல்ல. ரஷ்ய மொழியே இதற்கு இரண்டு வினைகளை வைத்திருக்கிறது. 'ஒப்ருசேத்' என்றால் ஒருவர் காலப்போக்கில் தாமாக ரஷ்யராகிப்போவது. 'ஒப்ருசீத்' என்றால் பிறரை ரஷ்யராக்குவது. இரண்டுக்கும் இடையே ஓர் உயிரொலிதான் மாறுகிறது. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பிரிப்பது போன்றதே இது. ஆகவே மயமாதல், மயமாக்கல் என்ற இணை தமிழில் இயல்பாகவே பொருந்திவிடுகிறது. ஆங்கிலம் வழியாக வரும் செய்திகளில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், மொழிபெயர்ப்பவர் இடம் பார்த்துப் பிரித்தெழுதுவது நல்லது.

ஆதலுக்கு நல்ல சான்று விளாதிமிர் தால். தந்தை டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர். மகன் 1801இல் இன்றைய உக்ரைனின் லுகான்ஸ்கில் பிறந்து, வாழ்நாள் முழுதும் ரஷ்யப் பேச்சுவழக்குச் சொற்களையும் பழமொழிகளையும் திரட்டி, 1863 முதல் 1866 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த புகழ்பெற்ற ரஷ்ய அகராதியைத் தொகுத்தார். அவரை எந்த அதிகாரியும் ரஷ்யராக்கவில்லை.

ஆனால் இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. பேரரசி இரண்டாம் காத்தரீன் 1764இல் தம் தலைமை வழக்கறிஞர் வியாசெம்ஸ்கிக்கு எழுதிய இரகசிய அறிவுரையில், சிறிய ரஷ்யா எனப்பட்ட உக்ரைன் பகுதி, பால்டிக் கரையிலுள்ள லிவோனியா, பின்லாந்து முதலிய மாகாணங்களை 'மிக எளிய வழிகளில்' ரஷ்யமயமாகும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், அவை காட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓநாய்களைப் போல இருப்பதை நிறுத்த வேண்டும் என்றும் குறிப்பிட்டார். அவர் கையாண்டது தன்வினை; நோக்கமோ பிறவினை. தானாக நடந்ததுபோல் தோன்றும்படி ஒன்றை நடத்திவைப்பதுதான் அந்த 'எளிய வழி'. இதை எழுதிய காத்தரீனே ஜெர்மன் சிற்றரசு ஒன்றில் பிறந்து, திருமணத்துக்காக மதம் மாறி, ரஷ்ய மொழியைக் கற்று, அந்நாட்டின் அரியணையில் அமர்ந்தவர் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

லெனினும் இச்சொல்லைக் கூர்மையாகக் கையாண்டார். 1922 டிசம்பரில், ஜார்ஜியாவின் கட்சித் தலைவர்களை மாஸ்கோ நடத்திய விதம் பற்றி நோய்ப்படுக்கையிலிருந்து சொல்லி எழுதவைத்த குறிப்பில், ரஷ்யமயமாகிப்போன வேற்றினத்தார் ரஷ்ய உணர்வைக் காட்டுவதில் எப்போதும் உப்பைக் கூட்டிவிடுகிறார்கள் என்றார். அவர் மனத்தில் இருந்தவர்களில் ஸ்டாலினும் ஒர்ஜோனிக்கிட்சேயும் ஜார்ஜியர்; திசெர்ஜின்ஸ்கி போலந்துக்காரர்.

'ரஷ்ய மொழித் திணிப்பு' என்று எழுதினால் போதாதா?

தமிழ் வாசகருக்குத் திணிப்பு என்ற சொல் நம் அரசியலிலிருந்து நன்கு பழகியது என்பதால் இக்கேள்வி எழுவது இயல்பே. பேசப்படுவது மொழிக் கட்டாயம் மட்டுமே என்றால் அப்படி எழுதலாம். ஆனால் ரஷ்யமயமாக்கல் அதைவிட அகலமானது. ரோமின் தலைமையை ஏற்றுக்கொண்டே கிழக்கத்திய வழிபாட்டைக் கடைப்பிடித்த கிரேக்கக் கத்தோலிக்கரின் திருச்சபை, பெலாருஸ், லித்துவேனியப் பகுதிகளில் 1839இலும், இன்றைய போலந்திலுள்ள செல்ம் பகுதியில் 1875இலும் ஒழிக்கப்பட்டு, மக்கள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு மாற்றப்பட்டார்கள். ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சி 1811இலேயே பறிக்கப்பட்டிருந்தது. இவை மொழித் திணிப்பு அல்ல. ஆயினும் ரஷ்யமயமாக்கலின் மையத்தில் இருப்பவை.

இன்னும் விசித்திரமான ஒரு நிகழ்வு வோல்கா நதிக்கரை நகரான கசானில் உண்டு. நிக்கோலாய் இல்மின்ஸ்கி என்ற அறிஞர், ஞானஸ்நானம் பெற்ற தாத்தாரியருக்காக 1864இல் அங்கே நிறுவிய பள்ளியில் அவர்களுடைய தாய்மொழியிலேயே கற்பித்தார், வழிபாட்டையும் அம்மொழியிலேயே நடத்தச் செய்தார். இவர்கள் இஸ்லாமுக்குத் திரும்பிவிடாமல் ஆர்த்தடாக்ஸ் சமயத்தில் வேரூன்ற வேண்டும், சமயம் ஒன்றானால் மற்றவை தாமே பின்தொடரும் என்பது அவர் கணக்கு. சிறு மொழிகளுக்கு எழுத்தும் நூலும் கொடுத்தால் அவை தனித் தேசியங்களாக வளர்ந்துவிடும் என்று பல அதிகாரிகள் அவரை எதிர்த்தார்கள். அதிகாரிகளின் அச்சம் ஓரளவு சரியாகவே போயிற்று. இல்மின்ஸ்கியின் துணையோடு 1870களின் தொடக்கத்தில் இவான் யாக்கவ்லெவ் உருவாக்கிய எழுத்தின் வழியாகத்தான் சுவாஷ் மக்களின் நவீன இலக்கியம் பிறந்தது. மொழியைக் கொடுத்தே ரஷ்யமயமாக்க முனைந்த இந்த முறையைத் திணிப்பு என்ற சொல்லால் விளக்கவே முடியாது.

ஜார் ஆட்சியில் இது எப்போது முறையான கொள்கையாயிற்று?

ஒரே ஆணையால் தொடங்கிய ஒன்றல்ல இது. நெடுங்காலம் பேரரசு தன் எல்லைப்புறங்களை அந்தந்த இடத்து மேற்குடிகளின் வழியாகவே ஆண்டது: பால்டிக் கரையில் ஜெர்மன் பிரபுக்கள், பின்லாந்தில் சுவீடிய மொழி பேசிய அதிகாரிகள். அவர்கள் பேரரசருக்கு விசுவாசமாக இருக்கும்வரை எந்த மொழியில் நிர்வாகம் நடந்தாலும் பீட்டர்ஸ்பர்க் பெரிதாகக் கவலைப்படவில்லை.

நிலைமையைப் புரட்டிப்போட்டது போலந்து. 1830ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின் வில்னா (இன்றைய வில்னியஸ்) பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1863இல் மீண்டும் எழுந்த கிளர்ச்சியை அடக்கியதும் போலந்தின் பெயரையே நிர்வாக ஏடுகளிலிருந்து அகற்றி, 'விஸ்துலா நதிக்கரைப் பிரதேசம்' என்று எழுதத் தொடங்கினார்கள். 1869இல் வார்சாவின் உயர்கல்வி நிறுவனம் ரஷ்ய மொழியில் நடக்கும் பேரரசுப் பல்கலைக்கழகமாயிற்று; பள்ளிகளில் போலிஷ் மொழியே ஓர் அயல்மொழியைப் போலக் கற்பிக்கப்பட்டது. மூன்றாம் அலெக்சாந்தர் காலத்தில் பால்டிக் ஜெர்மானியருக்கும் இதே கதி நேர்ந்தது. தோர்பாத் நகரம் 1893இல் யூரியெவ் ஆனது, ஜெர்மன் மொழியில் நடந்துவந்த அதன் பல்கலைக்கழகமும் ரஷ்ய மொழிக்கு மாறியது. இன்று அந்நகரின் பெயர் தார்த்து. பல்கலைக்கழகம் எஸ்தோனிய மொழியில் நடக்கிறது.

எல்லா மக்களையும் ஒரே விதமாகத்தான் நடத்தினார்களா?

இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இச்சொல்லை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாது. போலந்துக்காரரை ஜார் ஆட்சி வேற்றினத்தாராகவே, பகைவராகவே மதித்தது. உக்ரைனியரின் நிலை அதைவிட மோசமானது: அவர்கள் தனி இனம் என்பதே மறுக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்று ரஷ்ய மொழி என்று நாம் சொல்வதைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் பேரரசில் சுமார் 44 விழுக்காட்டினர் மட்டுமே; உக்ரைனியரையும் பெலாருசியரையும் ரஷ்யரின் கிளைகள் என்று சேர்த்துக்கொண்டால்தான் அந்த எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கைத் தொடும். பெரும்பான்மை என்ற தகுதியே இந்தச் சேர்க்கையை நம்பியிருந்தது.

எனவேதான் உள்துறை அமைச்சர் வாலுவெவ் 1863இல் அனுப்பிய சுற்றறிக்கை, தனியான சிறிய ரஷ்ய மொழி எதுவும் இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற கூற்றை முன்வைத்து, பொதுமக்களுக்கான சமய நூல்களையும் கல்வி நூல்களையும் உக்ரைனிய மொழியில் அச்சிடுவதை நிறுத்தியது. படித்தவர்கள் தங்களுக்குள் கவிதை எழுதிக்கொள்ளலாம். உழவரின் பிள்ளை அம்மொழியில் எழுத்துக்கூட்டக் கூடாது என்பதே அதன் உட்பொருள். 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வெடுக்கச் சென்றிருந்தபோது ஒப்பமிட்ட ஆணை இன்னும் கடுமையானது. வெளிநாட்டிலிருந்து உக்ரைனிய நூல்களைக் கொண்டுவருவது, மேடையில் நாடகம் நடிப்பது, இசைக்குறிப்புகளோடு பாடல் வரிகளை அச்சிடுவது வரை அது தடைசெய்தது. இல்லாத மொழி ஒன்றுக்கு இத்தனை தடைகள் எதற்கு என்று அன்றே எவரேனும் கேட்டிருக்க வேண்டும்.

பின்லாந்தில் கதை வேறு. 1809 முதல் தனிச் சட்டங்களோடு இயங்கிவந்த அந்நாட்டில் ஆளுநர் பாப்ரிக்கவ் காலத்தில்தான் நெருக்கடி தொடங்கியது. பேரரசின் சட்டங்களே மேலானவை என்ற 1899 பிப்ரவரி அறிக்கையும், ரஷ்ய மொழியை உயர்நிர்வாகத்துக்குள் கொண்டுவந்த 1900ஆம் ஆண்டின் ஆணையும், 1901ஆம் ஆண்டின் படைச்சேர்ப்புச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. இரண்டு வாரத்துக்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை எடுத்துச்சென்ற குழுவினரை இரண்டாம் நிக்கோலாய் சந்திக்கவே மறுத்துவிட்டார். 1904 ஜூனில் எயுகென் ஷவுமன் என்ற இளம் அதிகாரி பாப்ரிக்கவைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். பின்லாந்தில் பொதுமக்களின் பிள்ளைகள் ரஷ்யராக வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. குறி அந்நாட்டின் சட்டத் தனித்தன்மை மீதுதான். இதை நிர்வாக ரஷ்யமயமாக்கல் என்று தனித்துச் சொல்வது வரலாற்றாசிரியர்களின் வழக்கம்.

எழுத்தை மாற்றுவதும் ரஷ்யமயமாக்கலா?

லித்துவேனியாவில் ஐயத்துக்கு இடமின்றி அப்படித்தான். 1864க்குப் பின் லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்களை அச்சிடுவது தடைசெய்யப்பட்டது. அம்மொழியைத் தடைசெய்யவில்லை, ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மக்கள் அவற்றை வாங்க மறுத்தார்கள். ஆயர் வலான்சியுஸின் முயற்சியால் பிரஷ்யாவின் எல்லைக்குள், தில்சித் போன்ற ஊர்களில், லத்தீன் எழுத்து நூல்கள் அச்சாகி, மூட்டைகளிலும் வைக்கோல் வண்டிகளிலும் இரவில் எல்லை தாண்டின. பிடிபட்டவர்களுக்குச் சைபீரிய நாடுகடத்தல் வரை தண்டனை காத்திருந்தது. அப்படிக் கொண்டுவரப்பட்டவற்றில் பெரும்பங்கு அரசியல் நூல்கள் அல்ல, பிரார்த்தனைப் புத்தகங்கள். தடை 1904இல் நீங்கியது. புத்தகக் கடத்தல்காரர்களில் புகழ்பெற்ற யுர்கிஸ் பியெலினிஸின் பிறந்தநாளான மார்ச் 16ஐ லித்துவேனியா இன்றும் அவர்கள் நினைவாகக் கொண்டாடுகிறது. உலகில் கடத்தல்காரர்களுக்கு அரசே விழா எடுக்கும் நாடுகள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை.

சோவியத் காலத்து எழுத்து மாற்றம் சற்றுச் சிக்கலானது. உஸ்பெக், கசாக், கிர்கிஸ், தாத்தார், அசர்பைஜானி போன்ற மொழிகள் 1920களில் அரபு எழுத்திலிருந்து லத்தீனுக்கு மாறின. 1930களின் இறுதியிலிருந்து 1940 வரையான குறுகிய காலத்தில் மீண்டும் சிரில்லிக்குக்கு மாற்றப்பட்டன. தாத்தா எழுதிய கடிதத்தைத் தந்தையும், தந்தை படித்த பாடநூலைப் பிள்ளையும் வாசிக்க முடியாமற்போயிற்று. முதல் மாற்றத்தை ரஷ்யமயமாக்கல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் லத்தீன் எழுத்து அவர்களை ரஷ்யத்திலிருந்தும் விலக்கியே வைத்தது. இரண்டாம் மாற்றத்துக்கு அச்சொல் பொருந்தும். பள்ளிப் பிள்ளைகள் ரஷ்ய மொழியை எளிதாகக் கற்பதற்கு என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆர்மீனியரும் ஜார்ஜியரும் தங்கள் பழைய எழுத்துகளைக் காத்துக்கொண்டார்கள்.

சோவியத் அரசு சிறுபான்மை மொழிகளை வளர்த்தது என்கிறார்களே?

வளர்க்கவும் செய்தது, நசுக்கவும் செய்தது; காலம்தான் வேறு. 1923ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் கட்சி மாநாடு 'கரெனிசாத்சியா', அதாவது வேரூன்றச் செய்தல் என்ற கொள்கையை ஏற்றது. அந்தந்தக் குடியரசில் அந்தந்த மொழியில் பள்ளி, செய்தித்தாள், அலுவலகம் நடக்க வேண்டும்; ரஷ்ய அதிகாரிகளும் உள்ளூர் மொழியைக் கற்க வேண்டும். எழுத்தே இல்லாதிருந்த பல மொழிகள் அப்போதுதான் அச்சேறின. இதை மறைத்துவிட்டுச் சோவியத் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

அதே நேர்மை அடுத்த பத்தாண்டுகளைப் பற்றியும் வேண்டும். 1933இல் உக்ரைனிய எழுத்திலக்கணம் ரஷ்யத்துக்கு நெருக்கமாகத் திருத்தப்பட்டு, வல்லொலிக் ககரத்தைக் குறித்த ஓர் எழுத்தே நெடுங்கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்ப வந்தது 1990இல்தான். பழைய எழுத்திலக்கணத்துக்குப் பொறுப்பாயிருந்த கல்வி அமைச்சர் ஸ்க்ரிப்னிக், கட்சி தம்மைக் குற்றம்சாட்டிய நிலையில் அந்த ஆண்டே தற்கொலை செய்துகொண்டார். 1938 மார்ச்சில் எல்லாக் குடியரசுகளின் பள்ளிகளிலும் ரஷ்ய மொழி கட்டாயப் பாடமாயிற்று.

சோவியத்மயமாக்கலும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஒரு நாட்டில் ஒற்றைக் கட்சி ஆட்சி, கூட்டுப்பண்ணை, தொழில்களின் நாட்டுடைமை முதலியவற்றை நிறுவுவது சோவியத்மயமாக்கல். ஹங்கேரி சோவியத்மயமாக்கப்பட்டது, ரஷ்ய மொழி அங்கே பள்ளிப்பாடமாக இருந்தது என்றாலும் ஹங்கேரியர் ரஷ்யமயமாகவில்லை. எஸ்தோனியாவிலும் லாத்வியாவிலும் இரண்டும் சேர்ந்தே நடந்தன.

பெற்றோரே ரஷ்யப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அதை எப்படி ரஷ்யமயமாக்கல் என்பது?

இப்பக்கத்தின் மிகக் கடினமான கேள்வி இதுதான். 1958ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் குருஷ்சேவ் அரசு, பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதையும், குடியரசின் மொழியைக் கற்கத்தான் வேண்டுமா என்பதையும் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. கேட்பதற்கு இதைவிடச் சுதந்திரமான ஏற்பாடு இல்லை. ஆனால் உயர்கல்வியின் பெரும்பகுதி, படைத்துறை, மாஸ்கோவின் கீழ் இயங்கிய தொழிற்சாலைகளின் உயர்பதவிகள் ஆகிய அனைத்தும் ரஷ்ய மொழியில் இருந்தபோது, தன் பிள்ளை முன்னேற வேண்டும் என்று நினைத்த எந்தத் தாயும் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயம் இல்லை. ரஷ்யர்களோ குடியரசின் மொழியைக் கற்கும் கடமையிலிருந்து விடுபட்டார்கள். லாத்வியாவும் அசர்பைஜானும் இதை அப்படியே ஏற்கத் தயங்கின. 1959இல் அங்கே தலைவர்கள் பதவியிழந்தார்கள்.

மாஸ்கோ பின்வாங்கியதும் உண்டு. 1978இல் ஜார்ஜியாவின் புதிய அரசமைப்பு வரைவிலிருந்து ஜார்ஜிய மொழியின் தனி ஆட்சிமொழித் தகுதி விடுபட்டபோது, ஏப்ரல் 14 அன்று திபிலீசியின் தெருக்களில் பல்லாயிரவர், பெரும்பாலும் மாணவர்கள், திரண்டார்கள். கட்சிச் செயலாளர் ஷெவர்த்நாத்சே மாஸ்கோவோடு பேசி அத்தகுதியை மீட்டுக்கொடுத்தார். அந்த நாள் ஜார்ஜிய மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

விருப்பம் என்ற அதே வாதம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது. தாய்மொழி அல்லாத மொழியை யாரையும் கட்டாயப்படுத்திக் கற்பிக்கக் கூடாது என்று புதின் 2017இல் கூறினார். ரஷ்யக் கூட்டாட்சிக்குள் உள்ள குடியரசான தாத்தார்ஸ்தானின் பள்ளிகளில் எல்லாருக்கும் கட்டாயமாயிருந்த தாத்தார் மொழி அவ்வாண்டு இறுதிக்குள் விருப்பப்பாடமாயிற்று. 2018 ஆகஸ்டில் வந்த சட்டம் இதை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது. ரஷ்ய மொழி மட்டும் எல்லாருக்கும் கட்டாயமாகவே நீடித்தது. 2019 செப்டம்பர் 10 அன்று, உத்முர்த்தியாவின் தலைநகர் இஷெவ்ஸ்கில் சட்டமன்றக் கட்டடத்தின் முன், 79 வயது அறிஞர் அல்பெர்த் ராசின் தீக்குளித்து இறந்தார். என் மொழி நாளை மறையுமானால் நான் இன்றே இறக்கத் தயார் என்ற, தாகெஸ்தான் கவிஞர் ரசூல் கம்சாத்தவின் வரி அவர் கையிலிருந்த அட்டையில் இருந்தது.

எனவே, தேர்ந்தெடுத்தவர் யார் என்று மட்டும் கேட்டால் விடை தவறிவிடும். தேர்வின் இரு பக்கங்களிலும் என்ன வைக்கப்பட்டிருந்தது, அதை வைத்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். அரசு வைத்த தராசில் ஒரு தட்டு முன்பே தாழ்ந்திருந்தால், அதை ஆதல் என்பதைவிட ஆக்கல் என்பதே பொருத்தம் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

ரஷ்யர்கள் குடியேறியதும் இதில் சேருமா?

சேரும், ஆனால் கவனத்தோடு சொல்ல வேண்டும். எஸ்தோனியாவில் 1934இல் எஸ்தோனியர் 88 விழுக்காடு. 1989இல் சுமார் 61. லாத்வியாவில் நான்கில் மூன்று பங்காக இருந்த லாத்வியர் 1989இல் 52 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். 1941, 1949ஆம் ஆண்டுகளின் நாடுகடத்தல்கள், போர்ச்சாவுகள், புதிய தொழிற்சாலைகளுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் என்று பல காரணங்கள் இதில் பின்னியிருக்கின்றன. கசாக்ஸ்தானில் 1930களின் தொடக்கத்துப் பெரும்பஞ்சமும், 1954இல் தொடங்கிய தரிசுநில உழவுத் திட்டமும் சேர்ந்து, 1959இல் கசாக்கியரைத் தங்கள் குடியரசிலேயே சுமார் 30 விழுக்காட்டினராக்கின. வேலை தேடி வந்த ஒரு தொழிலாளி ரஷ்யமயமாக்க வந்தவர் அல்லர். அவர் வந்த பின் அலுவலகமும் கடையும் அவர் மொழிக்கு மாறின என்பதுதான் விளைவு.

ஆட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் இதை எப்படி அடையாளம் காண்பது?

மத்திய ஆசியப் பெயர்களின் இறுதியில் வரும் 'ஓவ்', 'எவ்' என்ற விகுதிகள் ரஷ்யப் பதிவேடுகள் ஒட்டியவை. தஜிக்கிஸ்தானின் அதிபர் ரஹ்மோனவ் 2007இல் விகுதியை நீக்கி ரஹ்மோன் ஆனார். ஊர்ப்பெயர்களில் கடுமையான எடுத்துக்காட்டு கிரிமியா: 1944 மே மாதம் கிரிமியத் தாத்தார்கள் அனைவரும் நாடுகடத்தப்பட்டபின், அவர்கள் ஊர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் ரஷ்யப் பெயர்களாக மாற்றப்பட்டன.

ரஷ்ய மொழியில் பேசுபவர் எல்லாரும் ரஷ்யமயமானவர்களா?

அப்படிச் சொல்லக் கூடாது. 2022க்குப் பின் ரஷ்யப் படையை எதிர்த்துப் போரிடும் உக்ரைன் வீரர்களில் ரஷ்ய மொழியை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் ஏராளம். இலக்கியத்திலும் அப்படியே. மாஸ்கோவின் பதிப்பகங்கள் தமிழில் வெளியிட்ட நூல்களைப் படித்து வளர்ந்த நாம் எல்லாவற்றையும் 'ரஷ்ய இலக்கியம்' என்று ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டோம். ஆனால் சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கிஸ்; கிர்கிஸ், ரஷ்யம் இரண்டிலும் எழுதியவர். கம்சாத்தவ் அவார் மொழிக் கவிஞர். ஐத்மாத்தவ் 1980இல் வெளியிட்ட நாவலில் வரும் 'மான்குர்த்', அதாவது சித்திரவதையால் நினைவிழந்து தாயையே அறியாமற்போன அடிமை, சொந்த மொழியையும் வேரையும் மறந்தவரைச் சுட்டும் வசைச்சொல்லாகச் சோவியத் நாடெங்கும் பரவியது. அந்த நாவல் எழுதப்பட்டது ரஷ்ய மொழியில்தான்.

இச்சொல் நடுநிலையானதா, குற்றச்சாட்டா?

காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஜார் காலத்து அதிகாரிகள் இதைத் தயக்கமின்றித் தங்கள் பணியின் பெயராகவே எழுதினார்கள். சோவியத் ஆவணங்களில் இச்சொல் பழைய ஆட்சியின் குற்றமாக மட்டுமே வரலாம். நடப்புக் கொள்கைக்கு 'நெருங்கிவருதல்', 'ஒன்றுகலத்தல்' என்ற சொற்களும், ரஷ்யத்துக்கு 'இனங்களுக்கிடையிலான தொடர்பு மொழி' என்ற பட்டமும் வழங்கின. உக்ரைனிய விமர்சகர் இவான் சூபா 1965இல் எழுதிய நீண்ட கட்டுரைக்கு 'சர்வதேசியமா ரஷ்யமயமாக்கலா?' என்று தலைப்பிட்டு, லெனினின் மேற்கோள்களைக் கொண்டே அன்றைய கொள்கையை மறுத்தார். 1972இல் கைதாகி, அடுத்த ஆண்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இன்று ஆய்வுநூல்களில் இது கலைச்சொல், அரசியல் மேடையில் குற்றச்சாட்டு.

இதற்கு எதிரான போக்குக்கு என்ன பெயர்?

ரஷ்யமய நீக்கம் என்று எழுதலாம். மல்தோவா 1989இலும், அசர்பைஜான் 1991இலும், உஸ்பெக்கிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் 1993இலும் லத்தீன் எழுத்துக்கு மாற முடிவெடுத்தன. கசாக்ஸ்தான் 2017இல் அறிவித்த மாற்றம் மிக மெதுவாகவே நகர்கிறது. உக்ரைனில் 2023ஆம் ஆண்டின் சட்டம் ரஷ்யப் பேரரசை நினைவூட்டும் தெருப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் மாற்றச் சொல்கிறது. தாத்தார்ஸ்தானும் 1999இல் லத்தீன் எழுத்தை ஏற்றுச் சட்டம் இயற்றியது. ஆனால் குடியரசுகளின் ஆட்சிமொழிகள் சிரில்லிக்கில்தான் எழுதப்பட வேண்டும் என்று மாஸ்கோ 2002இல் கொண்டுவந்த சட்டம் அதைத் தடுத்தது, 2004இல் அரசமைப்பு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தனி நாடாக இருப்பதும் இல்லாததும் இவ்விஷயத்தில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை உஸ்பெக்கையும் தாத்தாரையும் அருகருகே வைத்தால் காணலாம்.

தமிழில் எப்படி எழுதுவது? ரஷ்யமயமாக்கலா, உருசியமயமாக்கமா?

இரண்டும் வழக்கில் உள்ளன. ரகரம் தமிழில் மொழிமுதல் வராது என்ற மரபையும் வடவெழுத்து விலக்கையும் பேணுவோர் உருசிய என்று எழுதுகிறார்கள். செய்தித்தாள்களில் ரஷ்ய என்பதே மிகுதி. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பின்பற்றினால் போதும். வினையாக வரும்போது 'ரஷ்யமயமாக்கினர்', 'ரஷ்யமயமாயினர்' என்று செய்தவரும் ஆனவரும் தெரியும்படி எழுதுவது, 'ரஷ்யமயமாக்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் மழுப்புவதைவிட மேலானது.

கணினி விளையாட்டுகளை 'ரஷ்யமயமாக்குவது' என்று படித்தேன். அது என்ன?

அது வேறு பொருள். மென்பொருளின் பட்டிகளையும் உரையாடல்களையும் ரஷ்ய மொழிக்கு மாற்றுவதையும், கணினியில் ரஷ்ய எழுத்துருவும் விசைப்பலகையும் இயங்கச் செய்வதையும் ரஷ்யர்கள் 'ருசிஃபிகாத்சியா' என்கிறார்கள். அதற்காகத் தரவிறக்கும் சிறு கோப்பு 'ருசிஃபிகாத்தர்'. அரசியல் மணம் ஏதும் அதில் இல்லை. 1970களில் உருவான கொய்-8 என்ற குறியாக்கத்தில் சிரில்லிக் எழுத்துகளை ஒலியொத்த லத்தீன் எழுத்துகளின் வரிசையிலேயே வைத்திருந்தார்கள். பழைய வலையமைப்புகள் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டாலும் செய்தி லத்தீன் எழுத்தில் ஒருவாறு படிக்கும்படி எஞ்சும். இத்தகைய இடங்களில் இயந்திர மொழிபெயர்ப்பு 'விளையாட்டின் ரஷ்யமயமாக்கல்' என்று தந்தால், அதை 'ரஷ்ய மொழியாக்கம்' என்று திருத்திக்கொள்ள வேண்டும்.